இளவட்டக்கல்லும் இரும்புத் தண்டும்: எடை தூக்குவதன் அறிவியல்

விருதுநகர் மாவட்டத்துத் தளவாய்புரம் துணியால் பிழைக்கிற ஊர். நைட்டி தைக்கும் கூடங்கள் அங்கே நிறைய. காலையில் துணிக்கட்டுகள் வேனிலிருந்து இறங்கும். மாலையில் தைத்து மடித்த சரக்கு பண்டல் பண்டலாகப் பார்சல் ஆபீசுக்குக் கிளம்பும். பக்கத்தில் ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு வந்து சேரும் பஞ்சு பேல் ஒன்றின் எடை ஏறக்குறைய 170 கிலோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்காக வந்து இறங்கும் 40 லிட்டர் பால் கேன், நிறைந்திருந்தால் 40 கிலோவுக்கு மேல் கனக்கும். கட்டட வேலைக்குப் போகிறவர் தோளில் ஏற்றும் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. எடை தூக்குவது இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை.

ஆனாலும் வீட்டுப் பையன் ஜிம்முக்குப் போகிறேன் என்றால் முதலில் வருகிற பேச்சு, “ரொம்ப வெயிட்டெல்லாம் தூக்காதப்பா, முதுகு போயிரும்” என்பதுதான். பெண்பிள்ளை கேட்டால் பேச்சே எழாமல் அடங்கிவிடும். ஜிம்முக்குள் போனால் இதற்கு நேர்மாறு. சேர்ந்த இரண்டாவது மாதமே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தண்டில் தட்டுகளை அடுக்குகிறார்கள். பயப்படுகிறவர்களும் துணிகிறவர்களும் கிலோ எத்தனை என்ற ஒரே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். முதுகையும் முழங்காலையும் தோளையும் காப்பாற்றுவது வேறு இரண்டு கணக்குகள்: எடை உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதை எவ்வளவு வேகமாகக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

உண்மையில் எவ்வளவு ஆபத்து?

எடைப் பயிற்சி சார்ந்த போட்டி விளையாட்டுகளில் ஏற்படும் காயங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 2017-ல் ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் ஒரு மறுஆய்வு வந்தது. ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்கு எத்தனை காயங்கள் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். உடற்கட்டுப் போட்டியாளர்களுக்கு 0.24 முதல் 1 வரை. ஒலிம்பிக் பாணி பளுதூக்குதலில் 2.4 முதல் 3.3 வரை. பவர்லிஃப்டிங்கில் 1 முதல் 4.4 வரை. பாறாங்கல் தூக்குவது, லாரி இழுப்பது போன்றவை சேர்ந்த ‘ஸ்ட்ராங்மேன்’ போட்டியாளர்களுக்கு 4.5 முதல் 6.1 வரை. தொழில்முறைக் கால்பந்துப் போட்டிகளில் இந்த எண்ணிக்கை 20-ஐத் தாண்டும்.

வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஜிம்மில் இருப்பவருக்கு ஆண்டுக்கு சுமார் 200 மணி நேரம் ஆகிறது. ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு காயம் என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒன்றுதான் வருகிறது. அந்தக் காயங்களிலும் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிற தசைப்பிடிப்பும் மூட்டு வலியும்தான். அதிகம் அடிபடும் இடங்கள் தோள், கீழ்முதுகு, முழங்கால்.

இந்த எண்களை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். எடையைக் கட்டுப்பாட்டோடு, திரும்பத் திரும்ப, உடலுக்கு நெருக்கமாகத் தூக்கும் பயிற்சியில் காயம் குறைவு. பிடிக்க வசதியில்லாத பொருளை, உடலின் எல்லைக்கே போய், முழு வேகத்தில் தூக்கும் போட்டியில் காயம் அதிகம். தூக்குகிற முறையும் எல்லைக்கு எவ்வளவு அருகில் போகிறோம் என்பதும் சேர்ந்துதான் ஆபத்தை முடிவு செய்கின்றன.

இளவட்டக்கல் கற்றுத்தரும் பாடம்

தென்மாவட்டங்களின் பல கிராமங்களில் ஊர் மந்தையிலோ கோயில் முன்பாகவோ ஒரு வழவழப்பான உருண்டைக் கல் இன்னும் கிடக்கிறது. அதுதான் இளவட்டக்கல். அதைத் தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததே. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கும் போட்டியில் 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை படிப்படியாகக் கற்கள் உண்டு. அங்கே பெண்களும் களத்தில் இறங்கிக் கல் தூக்குகிறார்கள்.

கல்லை எப்படித் தூக்குகிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். அதில் பிடி கிடையாது. அதனால் தூக்குகிறவர் காலை அகட்டி, கல்லை இரு பாதங்களுக்கும் நடுவில் உருட்டிக்கொள்கிறார். குந்தி, இரு கைகளாலும் கட்டிப் பிடித்து, முதலில் தொடை வரைக்கும் மட்டும் ஏற்றுகிறார். தொடைமேல் கல்லை உட்காரவைத்து, பிடியை மாற்றி, மூச்சை நிதானப்படுத்துகிறார். பிறகு வயிற்றோடு அணைத்து நெஞ்சுக்கு உருட்டுகிறார். நெஞ்சிலிருந்து தோள். தோளிலிருந்து பின்னால் தள்ளிவிட்டால் கல் மண்ணில் விழும். தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து தோளுக்கு மேல் போகும் வரை கல் உடம்பை விட்டு விலகுவதே இல்லை. இயற்பியல் புத்தகம் படிக்காமலேயே எங்கள் பக்கத்து மனிதர்கள் கண்டுபிடித்த முறை இது, எனக்கு அதில் பெருமைதான்.

முறைக்குப் பின்னால் இருப்பது நெம்புகோல் கணக்கு. பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கும் சிறுவனைத் தூக்க, நடுப்புள்ளிக்கு ஒட்டி உட்காருபவர் பலமடங்கு கனமாக இருக்க வேண்டும். முதுகெலும்பில் அந்த நடுப்புள்ளி, எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் கீழ்முதுகின் டிஸ்க். அதை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைகள் டிஸ்க்குக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. எடையோ முன்னால் நீட்டிய கையில்.

20 கிலோ துணிப் பண்டலை டிஸ்க்கிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னால் பிடித்தால், முதுகுத் தசைகள் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். அதே பண்டலை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 100 கிலோ போதும். குனிந்திருக்கும் உடம்பின் மேல்பாகத்து எடை இந்தக் கணக்கில் சேரவில்லை, அது தனி. பண்டலின் எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, அது முதுகில் ஏற்றும் சுமை பாதியாகிவிட்டது.

கணக்கில் மட்டும் அல்ல, மனித உடம்பிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வில்கேயும் அவருடைய குழுவினரும் ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி, 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாதாரணமாக நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடலோடு அணைத்து நிற்கும்போது 1.1. அதையே நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. முழங்காலை மடக்கித் தரையிலிருந்து தூக்கினால் 1.7. காலை மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான் என்றாலும், நெம்புகோல் கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், வேலையிடங்களுக்காக 1991-ல் திருத்திய சூத்திரமும் தூரத்தைத்தான் முதலில் பார்க்கிறது. மற்ற எல்லாம் சாதகமாக இருந்து, எடை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள் இருந்தால் பரிந்துரைக்கும் உச்ச அளவு 23 கிலோ. தூரம் 50 சென்டிமீட்டர் ஆனால் அந்த அளவு பாதியாகிவிடும்.

தண்டு காலை உரசட்டும்

ஜிம்மில் அதிகம் பயப்படப்படும் பயிற்சி டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் தண்டை நின்ற நிலைக்குத் தூக்குவது, அவ்வளவுதான். துணிப் பண்டலையும் அரிசி மூட்டையையும் சிலிண்டரையும் தூக்கும் அதே அசைவு. அதனால்தான் அதை ஒழுங்காகக் கற்பது அவசியம்.

தண்டு ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே இருக்குமாறு நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலம். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து தண்டைப் பிடியுங்கள். தண்டை உருட்டாமல் முழங்காலை மடக்கினால் கெண்டைக்காலின் முன்பக்க எலும்பு தண்டைத் தொடும். நெஞ்சைச் சற்று உயர்த்துங்கள். அக்குளில் ஒரு துண்டை வைத்து நசுக்கிப் பிடிப்பதுபோல் கைகளை உடம்போடு இறுக்கினால் முதுகின் பக்கவாட்டுத் தசைகள் விறைத்துக்கொள்ளும். வயிறு நிறைய மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்குங்கள். இப்போது தண்டை வெடுக்கென்று இழுக்காமல், தரையைக் காலால் அமுக்குங்கள். தண்டு காலை உரசிக்கொண்டே முழங்காலையும் தொடையையும் கடந்து மேலே வரும். இறக்கும்போதும் அதே பாதைதான். தண்டு காலை விட்டு ஒரு சாண் முன்னால் போனால், முதுகின் சுமை எவ்வளவு கூடும் என்பதை மேலே பார்த்தோம்.

முதுகு எப்போதும் கோடு போட்டதுபோல் நேராக இருந்தே ஆக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இப்போதைய ஆய்வுகள் முன்பைவிட நிதானமாகப் பதில் சொல்கின்றன. நேராக வைத்திருப்பதாக நினைக்கும்போதே கீழ்முதுகு ஓரளவு வளையத்தான் செய்கிறது. எடை தூக்கும்போது முதுகு வளைவதால்தான் முதுகுவலி வருகிறது என்பதற்குத் தகுந்த சான்று கிடைக்கவில்லை என்று 2020-ல் வந்த ஒரு மறுஆய்வு முடித்தது. ஆகவே கீழே விழுந்த பேனாவை எடுக்க முதுகை வளைப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஜிம்மில் கனமான எடையோடு பழகும்போது மட்டும், முதுகை ஒரே நிலையில் பிடித்து இடுப்பிலிருந்து அசையக் கற்றுக்கொள்ளுங்கள். தூக்கத் தொடங்கிய பிறகு, பாரத்தோடு முதுகு சட்டென்று வளைந்துகொடுப்பதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. எடை கைமீறிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

முழங்காலைப் பற்றியும் இப்படியொரு கட்டளை ஜிம்களில் உலவுகிறது: எடையோடு குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியில் முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டவே கூடாது. 2003-ல் ஃப்ரை என்பவரும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகையை வைத்துத் தடுத்தபோது, முழங்காலில் விழும் திருப்புவிசை 150-லிருந்து 117 நியூட்டன் மீட்டராகக் குறைந்தது. அதே நேரத்தில் இடுப்பு மூட்டில் விழுந்த திருப்புவிசை 28-லிருந்து 303 ஆக ஏறியது. முழங்காலைத் தடுத்ததால் உடம்பு முன்னால் சாய்ந்து பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போய்விட்டது. சம்மணமிட்டும் குந்தியும் வளர்ந்த நம் ஆட்களுக்கு முழங்கால் முன்னால் வருவது இயல்பு. குதிகால் தரையில் பதிந்திருந்து, முழங்கால் பாதத்தின் திசையிலேயே போனால் போதும்.

தசை ஓடும், தசைநாண் நடக்கும்

இரண்டாவது கணக்கு வேகம். புதிதாகச் சேர்ந்தவரின் பலம் முதல் ஆறு, எட்டு வாரங்களில் மளமளவென்று கூடும். கை காலின் சுற்றளவு அவ்வளவாக மாறியிருக்காது. மூளையும் நரம்புகளும் ஏற்கெனவே இருக்கிற தசையிழைகளைக் கூடுதலாக, ஒருசேர இயக்கக் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. தசை வளர்ச்சி அதற்குப் பின்னால் வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை தடித்து உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். எனவே மூன்றாவது மாதத்தில் தூக்க முடிகிற எடைக்கும் தசைநாண் தாங்கத் தயாராக இருக்கிற எடைக்கும் ஓர் இடைவெளி உண்டு. முழங்கை வலி, தோள் வலி, முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்று இளைஞர்கள் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் எளிமையானது. குறித்த எண்ணிக்கையை விட ஒன்றிரண்டு முறை அதிகமாகத் தூக்க முடிந்தால், எடையை 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம். இதை நம் ஜிம்களுக்குப் பொருத்திப் பாருங்கள். சின்னத் தட்டு 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் போட 5 கிலோ கூடும். 60 கிலோ தூக்குகிறவருக்கு அது 8 சதவீதம், பரவாயில்லை. 20 கிலோ வெறுந்தண்டில் தொடங்கும் கல்லூரி மாணவிக்கு அது ஒரே தாவலில் 25 சதவீதம். ஒரு ஜோடி 1.25 கிலோ தட்டு இருந்தால் இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும். தளவாய்புரத்தில் ஆனாலும் எந்த ஊரில் ஆனாலும் புதிய எந்திரம் வாங்குவதற்கு முன்னால் ஜிம்காரர்கள் வாங்க வேண்டிய பொருள் அந்தச் சிறு தட்டுகள்.

உலகத்தரத்து வீரர்களுக்கும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தூக்கும் ஸ்னாட்சில் 149, இரண்டு கட்டமாகத் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட் போட்டிக்கு முன்பு தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது அவருடைய தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. அந்த வலியோடுதான் 144-ம் 173-ம் தூக்கி, 317 கிலோவுடன் இரண்டாவது தங்கத்தைக் கொண்டுவந்தார். பல்லாண்டு பழகிய உடம்பு, தேர்ந்த நுட்பம். இருந்தும் எல்லையைத் தாண்ட முயன்றபோது தசை விட்டுக்கொடுத்தது. போட்டி வீரருக்கு அந்த முயற்சி தொழில். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று ஜிம்முக்குப் போகிறவருக்கு, ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையைச் சோதித்துப் பார்க்கும் தேவையே இல்லை.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2018-ல் கீழ்முதுகு வலியால் ஜகார்த்தா ஆசியப் போட்டியைத் தவறவிட்டார். 2020-ல் அமெரிக்காவில் உடலியக்க நிபுணரிடம் பயிற்சி பெற்றபோது, உடம்பின் இரு பக்கங்களுக்கும் இடையே இருந்த பலச் சமனின்மையைச் சரிசெய்தார்கள். 2021-ல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். வலி வந்ததும் விளையாட்டை விட்டுவிடாமல், எந்த இடம் பலவீனம் என்று தேடிப் பலப்படுத்தினார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழியைத்தான்.

எந்தப் பயிற்சி யாருக்கு?

ஜிம்மில் எந்திரங்களும் பயிற்சிகளும் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், உடம்புக்குத் தேவையான அசைவுகள் ஐந்துதான்: உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கிக் கீழிருந்து எடுப்பது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சி இருந்தால் போதும். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள், எல்லா முக்கியத் தசைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

எந்தப் பயிற்சியை எடுப்பது என்று தயங்கினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முழு அசைவையும் மூட்டில் வலியில்லாமல் செய்ய முடிகிறதா? பாதியில் முடியாமல் போனால் எடையை ஆபத்தில்லாமல் கீழே விட முடியுமா? சிறிது சிறிதாக எடையைக் கூட்ட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உங்களுக்கு ஏற்ற பயிற்சி. தண்டைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கித் தள்ளும் பயிற்சி தோள் இறுக்கம் உள்ளவர்களுக்கு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். முன்னாலிருந்து டம்பிள் கொண்டு தள்ளினால் அதே தசைக்கு வேலை கிடைக்கும். பெஞ்சில் படுத்துத் தண்டைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், தனியாகச் செய்தால் இரண்டாவது கேள்வியில் விழும். தண்டு நெஞ்சிலோ கழுத்திலோ சிக்கி உயிரே போனதுண்டு. கூட ஓர் ஆள் நிற்க வேண்டும், அல்லது தண்டைத் தாங்கும் கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டம்பிளோ தண்டாலோ போதும்.

செய்கிற தொழிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்காருபவருக்கு இடுப்பின் பின்பக்கத் தசைகளும் மேல்முதுகும் சும்மா கிடக்கின்றன. அவர் முதலில் செய்ய வேண்டியவை இழுக்கும் பயிற்சிகளும், லேசான எடையில் டெட்லிஃப்ட்டும், ஸ்குவாட்டும். நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தசைகள் சும்மாவே கிடக்கும்.

லோடுமேன் வேலை பார்ப்பவருக்கு நிலைமை நேர்மாறு. நாள் முழுவதும் மூட்டை ஏற்றி இறக்கியவரின் முதுகு அன்றைய பயிற்சியை முடித்துவிட்டது. மாலையில் ஜிம்மில் கனமான டெட்லிஃப்ட் போட்டால் களைத்த முதுகின் மேல் மறுபடியும் பாரம் ஏறுகிறது. வேலை நாட்களில் இழுக்கும் பயிற்சியும் வயிற்றுத் தசைக்கான பயிற்சியும் போதும். காலுக்கும் முதுகுக்கும் ஓய்வு நாளில் வைத்துக்கொள்ளலாம். பலத்தைக் கூட்டிக்கொண்டே போய் எந்தச் சுமையையும் தாங்கிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. காயம் உண்டாக்கும் அளவுக்குக் கனமான சுமையைத் தொழிலாளியைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-வது பிரிவே சொன்னது. தள்ளுவண்டி வாங்கித் தருவது முதலாளியின் கடமை.

வயதானவர்களையும் பெண்களையும் எடையிலிருந்து விலக்கிவைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பலப்படுத்தும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது என்று 1990-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் சோதித்தது. ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், பயிற்றுநர் கண்காணிப்பில் கனமான எடையே தூக்கினார்கள். அவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. தூக்கியவர்களில் ஒருவருக்கு மட்டும் லேசான முதுகுப் பிடிப்பு ஏற்பட்டது. ஐம்பதைத் தாண்டிய அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுப்பவர்கள், ஒரு ஜோடி டம்பிளும் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல மாஸ்டரும் பார்த்துக்கொடுங்கள்.

மூச்சு, பெல்ட், சுளுக்கு

கனமான எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு ஆதரவு கிடைக்கும். கூடவே இரத்த அழுத்தமும் ஏறும். 1985-ல் மெக்டூகல் குழுவினர் ஐந்து உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே அளந்தார்கள். இரு கால்களாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்தபோது சராசரி 320/250 ஆனது. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. தூக்கி முடித்ததும் அழுத்தம் இறங்கிவிடும். என்றாலும் உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். எடையைக் குறைத்து, தள்ளும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுத்துச் செய்ய வேண்டும்.

இடுப்பு பெல்ட்டைக் கவசமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 160 கடைகளின் ஊழியர்களை நியோஷ் பின்தொடர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் கட்டியதால் முதுகுவலியோ முதுகுக் காயமோ குறையவில்லை. கனமான செட்டுகளுக்குப் பெல்ட் உதவலாம். தவறான முறையை அது திருத்தாது.

புதிதாகச் சேர்ந்த முதல் நாளிலேயே உடம்பு துவளும் வரை செய்யாதீர்கள். தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விருதுநகர் மாவட்டத்துக் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் குடிக்காமல் செய்யும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும்.

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை முழுவதும் பரவும் வலி இயல்பானது, தானே போய்விடும். தூக்கும்போதே ஓர் இடத்தில் சுரீரென்று பிடித்தால் நிறுத்துங்கள். சில நாள் எடையைக் குறைத்து நடமாடிக்கொண்டிருந்தாலே சாதாரணப் பிடிப்பு விட்டுவிடும். படுத்தே கிடக்க வேண்டாம். காலில் வலி இறங்கி மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகை முறுக்கிக்கொள்ளாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதோடு மலம், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அது அவசர நிலை. ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஜிம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: புதிதாக வருகிறவரை முதல் மாதம் வெறுந்தண்டோடு பழக்குங்கள். அவர் எத்தனை கிலோ தூக்கினார் என்பதைப் போலவே, தண்டு காலை விட்டு விலகாமல் எத்தனை முறை தூக்கினார் என்பதையும் எண்ணுங்கள். சேர நினைக்கும் வாசகர்களுக்கு: ஐந்து அசைவுகள், வாரம் இரண்டு நாள், உடம்பை ஒட்டிய எடை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம். இவ்வளவும் இருந்தால் பயப்படக் காரணமில்லை. இந்த வாரமே தொடங்குங்கள், வீட்டில் இருக்கும் பெண்களையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.